பால் போத்தலில் கரைத்த மாத்திரை

தம்பி தங்கைகளே, நான் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன். என் மனைவிக்குக் காசநோய் வந்தபோது, சின்ன மகள் செல்விக்கும் தொற்றாமலிருக்கத் தினமும் மாத்திரை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவளோ துப்பித் துப்பி என் உயிரை வாங்கினாள். கடைசியில், நான் வேலை முடிந்து வரும்வரை அவளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுத்தனுப்பும் பால் போத்தலில் மாத்திரையைக் கரைத்துவிட்டேன். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாவிடம் சொல்லவில்லை. தெரிந்தால் மகளை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.

ஒருநாள் மழையால் வேலை இல்லை. மகளைக் கூட்டிவரப் போனேன். ஆயாம்மா எல்லாப் போத்தல் பாலையும் ஒரே சட்டியில் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்!

"என்னங்க இது?"

"தெனமும் இப்படித்தாங்க. பால் கொண்டாராத புள்ளையும் குடிக்கணுமில்ல?"

"ஐயோ, அதுல செல்வியோட மருந்து இருக்குங்க!"

"அட கடவுளே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? சொன்னா நானே குடுத்திருப்பேனே!"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கிளினிக்கில் நல்ல ஏச்சு. மற்றப் பிள்ளைகளுக்குக் கேடில்லை என்றார்கள்; செல்விக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து மருந்து.

இப்போது காலையில் நானே பொடித்துக் கரண்டியில் கொடுக்கிறேன். அவள் விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டினால்தான் வேலைக்குக் கிளம்புவேன். நீங்களாவது துப்பாதீர்கள், பிள்ளைகளே. அப்பாமாருக்கு நேரமாகிறது.