சங்கு நேரத்து ஸ்கிரிப்டுகளும் ஸ்டெல்லா அக்காவும்

சித்திரபுரத்திலிருந்து ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தபோது, சர்வர் மக்கர் செய்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டிலிருந்து வேறெதற்கும் எனக்கு அழைப்பு வந்ததில்லை. "அக்கா போயிட்டா" என்றார். மாரடைப்பாம்.

எங்கள் பள்ளிவாசல் ஊர்ப் பக்கத்து இணையதளங்கள் பலவும் ஒரே சர்வரில் இருப்பதும், அதை அவரும் நானும் பார்த்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். ஆட்களிடம் பேசுவது என் வேலை, திட்டுவது அவர் வேலை.

டயாலிசிஸுக்கு அடிமாலி போகும் ஜீப்பில் இடம் பதியும் பக்கமும் அதே சர்வரில்தான். என் அப்பாவும் அந்த ஜீப்பில் போகிறவர். ஒரு மழைக்காலக் காலையில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. ஜீப் அப்பாவை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. பயத்தில் நான் அக்காவிடம் கத்தினேன்.

அவர் சர்வரில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் எது எப்போது ஓடுகிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சர்ச் திருவிழாப் படங்களைச் சுருக்குவது, விடுதிகள் காலி அறைப் பட்டியலைப் புதுப்பிப்பது, கோயில் கமிட்டி எல்லாருக்கும் செய்தி அனுப்புவது, அத்தனையும் தேயிலை ஃபேக்டரியின் காலைச் சங்கு நேரத்துக்கே வைக்கப்பட்டிருந்தன. நேரம் குறிக்கச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அதுதான் தோன்றும். எல்லாம் சேர்ந்து ஓடியதில் சர்வர் திணறி, ஜீப் பதிவுப் பக்கம் வரிசையில் நின்றுவிட்டது.

"சங்குக்கு நாம எந்திரிச்சது பத்தாதா? ஸ்கிரிப்டையும் எழுப்பணுமாக்கும்!" என்றார். எல்லாவற்றையும் ஜீப் புறப்பட்ட பிறகு ஓடும்படி தள்ளிவைத்தார். ஃபாதர் காலையிலேயே படம் பார்ப்பாரே என்று சர்ச் ஆள் இழுத்தபோது, "படம் எங்கயும் ஓடிப்போவாது. ஜீப்பு போயிரும்லா" என்றார். தம்பி தன் விடுதியின் ஸ்கிரிப்டை ரகசியமாகப் பழைய நேரத்துக்கே மாற்றிவைத்தார். அன்றே அக்கா அவருடைய தளத்தை நிறுத்திவிட்டார். அக்காவும் தம்பியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அஞ்சலிப் பக்கம் போடச் சொல்லி உங்களில் பலர் படங்களாக அனுப்பிக் குவித்தீர்கள். அவற்றைச் சுருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டப் போனேன். காலைச் சங்கு ஊதியது; ஜீப்புக்கு இடம் பதியும் நேரம். கையை எடுத்துவிட்டேன். "அக்காவுக்குமா காத்திருக்கணும்?" என்று தம்பி கேட்டார்.

"அக்காவுக்கும்தான்" என்றேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அப்பாவுக்கு இடம் பதிந்து, அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்துதான் அஞ்சலிப் பக்கத்தில் அக்கா முகத்தை ஏற்றினேன்.