தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்

“கதவைச் சாத்துங்க, ஏசி போகுது” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார் அக்கா. யார் உள்ளே நுழைந்தாலும் இதே வரவேற்புதான். எங்கள் பத்திரிகையின் இணையப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். ஆசிரியரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் அக்கா. அதே அறையில் உட்கார்ந்து பிழை திருத்தும் எனக்கு, நாள் முழுவதும் அவருடைய முதுகுதான் தரிசனம்.

சில மாதங்களாக அக்கா மென்பொருள் பார்க்கிறார். இணையதளத்தைத் தாங்கும் பழைய மென்பொருள் தள்ளாடுகிறது. கட்டுரைகளை ஏற்றவும் அடுக்கவும் வெளியிடவும் புதிதாக ஒன்று வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் குழாயைத் திறந்து, சுவரைத் தட்டிப் பார்ப்பாரே, அப்படித்தான் பார்க்கிறார். யானை கனத்தில் ஒரு படத்தை ஏற்றுவார். வேண்டுமென்றே தப்பான தேதி போடுவார். நீளமான தலைப்பு கொடுத்து, செல்போனில் அது எங்கே உடைகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு, “இதுக்கு வாய் மட்டும்தான்” என்று மூடிவிடுவார். ஒன்றில் படம் நசுங்குகிறதாம், இன்னொன்றில் தேடினால் கிடைக்கவில்லையாம். “நல்லாத்தானேக்கா இருக்கு?” என்று நான் வாயைக் கொடுத்தால், “நீ உன் கமாவைப் பாரு” என்பார்.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. பழையதிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதியதில் இறக்கி, ஒரே ஒரு கட்டுரையைத் திறப்பார். அது அவருடைய தம்பி எழுதியது. அவனும் இங்கேதான் வேலை பார்த்தான்; மென்பொருளில்கூட அவன் பெயர் ‘தம்பி’தான். கட்டுரையைத் திறந்துவைத்துவிட்டு மூடாமல் எழுந்து போவது அவன் பழக்கம். “மூடிட்டுப் போடா, மத்தவங்க திறக்க முடியல!” என்று அக்கா தொண்டை கிழியக் கத்துவார். ஒரு மத்தியானம் அப்படியே எழுந்து போனவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. அந்தக் கட்டுரையைத் தொட்டால், ‘தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று இன்றும் மேலே ஒரு வரி காட்டுகிறது. பக்கத்தில், ‘நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் தம்பியின் பெயர் போய்விடும். அக்கா அதை அழுத்தியதே இல்லை.

புதியவை எதிலும் அந்த வரி வரவில்லை. எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நசுங்கிய படமும் கிடைக்காத தேடலும் வெறும் சாக்கு.

போன வாரம் ஆசிரியர் வந்து நின்றார். “இன்னிக்கு ஒண்ணு முடிவு பண்ணியாகணும்மா. பழைய சர்வரை இன்னியோட நிறுத்தறாங்க.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பார்க்காத மென்பொருள் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. இறக்கினார், திறந்தார். மவுஸில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மேலே அந்த வரி இருந்தது.

“நகல் எடுக்கறப்ப அதுவும் சேர்ந்து வந்திருக்கும்க்கா.”

“வந்திருக்கும். கீழ பாரு.”

அந்தக் கட்டுரை பாதி வாக்கியத்தில் நிற்கும், எனக்கே மனப்பாடம். ‘நான் திரும்பி வந்தபோது கதவு’. அவ்வளவுதான். பழையதைப் பக்கத்தில் திறந்து பார்த்தோம். அப்படியேதான் இருந்தது. புதியதில், ‘நான் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது’ என்று முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது.

“நீங்கதான் ஏதாவது…”

“நான் கீபோர்டைத் தொடவே இல்ல.”

நான் பயந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அக்கா பயந்ததாகத் தெரியவில்லை. ஏதோ திட்டு வாங்கியவர்போல அந்தக் கடைசி வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆசிரியருக்குப் போன் போட்டு, “இதையே வச்சுக்கலாம் சார்” என்றார். பையை மாட்டிக்கொண்டார். கணினியை அணைக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சாத்திக்கொள்ளாதபடி கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.