விபத்தில்லாத 298 நாட்கள்

அந்தக் கிடங்கில் பதினாறு வருடமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவருக்குப் பயில்வான் என்று பெயர். ஜலதோஷத்துக்குக்கூட லீவு போடாத உடம்பு. அதைப் பற்றி அவரே போகிற வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொள்வார்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, குறுக்கே வந்த தள்ளுவண்டியைப் பார்த்து பிரேக்கை மிதித்தார். ஸ்டீயரிங் நடு நெஞ்சில் இடித்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் பதறிப்போய் முதலில் பார்த்தது பயில்வானை அல்ல, வாசல் பலகையை. 'விபத்தில்லாத நாட்கள்: 298'. முந்நூறு ஆனால் மேனேஜருக்குப் பதவி உயர்வு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாஸ்க். அடேயப்பா, எவ்வளவு தாராள மனசு!

"ஒண்ணும் இல்லையே பயில்வான்?"

"எனக்கா? ஸ்டீயரிங்குக்குத்தான் சார் வலிச்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பதிவேட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மத்தியானம் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. இரண்டு துடிப்பு, மூன்றாவதைக் காணோம், பிறகு தலைதெறிக்க ஓட்டம். வாயு என்று சோடா வாங்கிக் குடித்தார் மகானுபாவர். சாயங்காலம் மனைவியிடம் நடந்ததை உளறினார். அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். "என்னங்க இது, கண்டபடி அடிக்குது!" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் கேட்டார்: "மார்புல அடி ஏதாவது பட்டுச்சா? பட்டிருந்தா வெளியே ஒண்ணும் தெரியாது, ஆனா இதயம் திடீர்னு தாளம் தப்பும். அட்மிட் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

செத்துவிடுவோமோ என்று பயில்வான் நன்றாகவே பயந்தார். ஆனாலும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளன்னைக்குச் சொல்றேனே டாக்டர்?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஸ்டீயரிங் இடிச்சிருக்கு டாக்டர். ஒரு ஃபிளாஸ்குக்காக வாயைத் திறக்க மாட்டேங்கிறார் இந்த மனுஷன்!"

கட்டிலில் படுக்கவைத்த அரைமணி நேரத்தில் இதயம் தறிகெட்டு ஓடியது. ஷாக் கொடுத்துத்தான் மீட்டார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் ஆப்பிள் பையும் கையுமாக வந்தார். டாக்டரை ஓரங்கட்டி, "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார்னு எழுதிக்கலாமே? போர்டுல இன்னிக்கு 299 போட்டாச்சு" என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பயில்வான் தன் ஆள் என்று அவ்வளவு நம்பிக்கை.

பயில்வானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒயர்களோடு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க டாக்டர். நேத்து காலைல பதினோரு மணி, கிடங்குல. சாட்சி, இதோ நிக்கிறாரே, இவர்தான்."