பழைய போர்வை தைத்த தொழிற்சாலை

எங்கள் அண்ணன் தையல் மெஷின் மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் அவர் 'ஆயில்'தான். கல்யாணத்துக்குப் போனாலும் சட்டையில் எங்காவது ஓர் எண்ணெய்க் கறை இருக்கும். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற மனுஷன். அதிலும் கவுன்சிலர் சொன்னால் வேதவாக்கு. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள்.

ஆடைத் தொழிற்சாலை வரப்போகிற சேதியைக் கொண்டுவந்தவர் அந்தக் கவுன்சிலர்தான். முந்நூறு பேருக்கு வேலை கொடுத்தால் கம்பெனிக்குப் பத்து வருடம் சொத்து வரி கிடையாது என்று நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. "வரி போனா போகுது, நம்ம பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்குதே" என்று அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். நானும் பெயர் கொடுத்தேன். மருந்துக்கடையில் நல்லபடியாக இருந்த தன் மகளையும் வேலையை விடச் சொல்லி அங்கே சேர்த்துவிட்டார்.

நகராட்சி அதிகாரி ஆள் எண்ண வரும் நாள். மெஷின்கள் இருந்தன, துணி மட்டும் வரவில்லை.

"லாரி வழியில நிக்குது. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? நீதான் ஏதாவது பண்ணணும் ஆயிலு" என்றார் கவுன்சிலர்.

கவுன்சிலர் தன்னை நம்பிக் கேட்டதில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் ஓடிப் பழைய போர்வைகளை வாங்கிவந்தார். என் வீட்டில் கிடைத்தது என் கடைக்குட்டி நனைத்த போர்வை. மெஷின்கள் தடதடக்க, பக்கத்தில் அண்ணன் மகள் அதற்கு ஓரம் அடித்துக்கொண்டே மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். அதிகாரி எண்ணினார், தலையாட்டினார், போய்விட்டார். கிட்டே வந்து பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன், மடச்சி.

வரிவிலக்கு உறுதியானதும் கேட்டில் பூட்டு. மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது கம்பெனியின் குடோன், காவலுக்கு ஒரே ஓர் ஆள்.

அண்ணனும் மகளும் நானும் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம்.

"துணி வராதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் அண்ணன்.

"எனக்கு எப்படிடா தெரியும்? நானே ஏமாந்துதான் நிக்கிறேன்."

அண்ணன் அதையும் நம்பியிருப்பார். நான் விடவில்லை. தண்ணீர் கொண்டுவந்த கவுன்சிலரின் தங்கையிடம் கேட்டேன்: "உன் பையன்தானே முதல் ஆளா பேரு கொடுத்தான்? அவன் ஏன் சேரல?"

அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "இருக்கிற வேலைய விடாதேன்னு எங்க அண்ணன்தான் அன்னைக்கே சொல்லிட்டாரே!"

கவுன்சிலர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வழியில் மருந்துக்கடை. கவுன்டரில் வேறொரு பெண் நின்றாள். அண்ணன் மகள் அவளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கவுன்சிலர் மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்படின்னா... உங்களுக்கும் தெரியுமாப்பா?"

அண்ணன் நடுரோட்டில் நின்றுவிட்டார்.