மீன்தலையும் ஏழு தரம் கழுவிய கையும்

எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் எழும்ப மாட்டேன். சென்ற வருடம் நான் வேலை செய்யும் கந்தோரில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. தொண்டை அடைத்தால் என்ன செய்வதென்று ஒரு ரப்பர் பொம்மையில் காட்டினார்கள். "இது நாய்க்கும் சரிவருமோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை.

"ஓம். ஒராள் பின்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பிடிக்க வேணும், தலை கீழ தொங்க வேணும். மற்றாள் விலா எலும்பு முடியிற இடத்தில கையைக் குடுத்து, நெஞ்சுப் பக்கமா அமத்த வேணும்."

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் நானா ஒருவர் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருவார். ஹோர்ன் சத்தம் கேட்டதும் எங்கள் நாய் வாசல் படலைக்கு ஓடிவிடும். அவர் ஒரு மீன்தலையைத் தூர எறிவார். நாய் கிட்ட வந்தால் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொள்வார். தங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு என்று சொல்லியிருந்தார். ஏன் ஏழு என்று உடனே கேட்டேன். சிரித்துக்கொண்டே தராசை எடுத்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் எறிந்த தலை பெரியது. நாய் அதை அப்படியே விழுங்கப் பார்த்தது. பிறகு முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. சத்தமே வரவில்லை. நாக்கு நீலமாகிக்கொண்டு வந்தது. வாய்க்குள் விரலை விட்டேன், எட்டவில்லை.

அக்கா குசினியிலிருந்து சோற்றுருண்டையோடு ஓடி வந்தா.

"இதை விழுங்கப் பண்ணு, முள்ளு இறங்கிடும்."

"முள்ளில்லை அக்கா, முழுத்தலை! காலைத் தூக்கிப் பிடியுங்கோ."

அக்கா சோற்றுருண்டையைப் போட்டுவிட்டுக் கால்களைப் பிடித்தா. நாய் வழுகி விழுந்தது. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய ஏலாமல் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தள்ளுங்க தங்கச்சி."

நானா வந்து பின்னங்கால்களைப் பிடித்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். நான் விலா முடியும் இடத்தைத் தேடிப் பிடித்து அமத்தினேன். நாலாம் தரம் தலை எச்சிலோடு வெளியே வந்து அவர் உடுத்திருந்த சாரத்தில் பட்டு விழுந்தது. நாய் பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தது.

நாய்க்குத் தொடையின் உட்பக்கம் நாடி துடிக்கும் என்றும் பயிற்றுநர் சொல்லியிருந்தார். விரலை வைத்துப் பார்த்தேன். துடித்தது. எனக்கு அது அவ்வளவு புதினமாக இருந்ததால் அக்காவின் விரலையும் பிடித்து வைத்தேன். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக முன் முதலில் செய்த வேலை அதுதான்.

பிறகு நானாவின் கைக்கு நான் தண்ணீர் வார்த்தேன். முதல் தரம் முற்றத்து மண்ணை அள்ளித் தேய்த்தார்.

"ஏழு ஆச்சா?"

"ஆறு, நானா."

"அப்ப இன்னொண்டு ஊத்துங்க."

ஊற்றிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன். "நாயைத் தொடேக்க ஒண்டும் யோசிக்கேல்லையோ?"

"நான் போட்ட தலதானே, தங்கச்சி," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹோர்ன் சத்தம் கேட்டது. நாய் ஓடியது. நானா வழக்கம்போலக் கால்களைத் தூக்கிக்கொண்டார். தலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். ஒன்றை எறிவார், அது இறங்கும் வரை நாயின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் அடுத்ததை எடுப்பார்.