அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே காய்ச்சல்

என் மகள் வள்ளிக்கு நாலு வயதிலிருந்து காய்ச்சல் வந்து வந்து போகும். கண் வீங்கும், கையில் சிவப்பாகத் தடிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மலேரியா என்று கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். டைபாய்டு என்று பட்டினி போட்டார்கள். தானாக விடும், மாதம் திரும்பினால் மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் இதோடு போய்விடுவாளோ என்று நடுங்குவேன்.

அறுபத்தொன்றாம் வருஷம். ஓர் ஐப்பசி மழையில் அவள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. பூண்டு மூட்டை ஏற்றும் குதிரையில் அவளை வைத்து, எங்கள் மலையூர் கிளாவரையிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். “குடல்வால் வீக்கமா இருக்கலாம். காலையில ஆபரேஷன் பண்ணணும்” என்றார்.

எனக்கு உயிரே இல்லை. பழனி எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தத் திசை பார்த்து நின்றேன். “முருகா, அறுக்கணும்னா அறுக்கட்டும். என்ன சீக்குன்னு மட்டும் காட்டிக் குடு.” வேறு கேட்கத் தெரியவில்லை.

விடிந்தால் என் வீட்டுக்காரர் வராந்தாவில் விழுந்து கிடக்கிறார். உடம்பு நெருப்பு. பிள்ளைக்காகக் கேட்டேன், புருஷனையும் எடுக்கிறாயா முருகா என்று மனசுக்குள் கதறினேன்.

ஆபரேஷனுக்குக் கிளம்பிய டாக்டரம்மா அவரைக் கண்டதும் நின்றுவிட்டார். அதே வீங்கிய கண். கையில் அதே தடிப்பு.

“உங்களுக்கு இது முன்னாடி வந்திருக்கா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “சின்னதுலருந்து வரும்ங்க. குளிர்க்காய்ச்சல்னு சொல்லிச் சமாளிப்பேன். என் தம்பிக்கும் வந்துச்சு, அவன் பொழைக்கல. வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு எங்க அய்யா சொல்லவிடல.”

டாக்டரம்மா ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். பகல் முழுக்க வள்ளியின் வயிற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். இருவர் ரத்தத்தையும் சோதித்தார். கிருமி எதுவும் இல்லை. சாயங்காலம் வயிறு இளகியது. மாத்திரை கொடுத்தபின் இருவருக்கும் காய்ச்சல் இறங்கியது.

“இது குடும்பத்துல ரத்தவழியா வர்ற காய்ச்சல்மா. ஒட்டாது. வேரோட போக்க இன்னும் மருந்து வரல. காய்ச்சல் வந்தா மாத்திரையால அடக்கலாம். வயித்துவலின்னு யாரு கத்தி எடுத்தாலும் முதல்ல இதைச் சொல்லிருங்க.”

காய்ச்சல் இன்றும் வருகிறது. பயமும் முழுக்கப் போகவில்லை. ஆனால் வள்ளி பள்ளிக்கூடம் போகிறாள். வருஷந்தோறும் மூவரும் மலையிறங்கிப் பழனிக்கு நடக்கிறோம்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை படுத்திருந்தால் முருகனிடம் அழுங்கள், அவன் கேட்பான். டாக்டர் கேட்கும்போது குடும்பத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வாயையும் அவன்தான் திறந்துவைக்கிறான்.