பெயரில்லாத பன்னிரண்டு பக்கங்கள்

குறுவை அறுவடை நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி நெல்லுக்குத்தான். அய்யம்பேட்டைக்குப் போகிற வழியில், காயப்போட்டிருந்த நெல்லில் ஏறி என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு மூன்று மாதம் படுக்கை.

நான் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். பட்டா, சிட்டா, வருமானச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான் என் வேலை. சும்மா கிடந்து பழக்கமில்லாத எனக்கு, பொழுதுபோகட்டும் என்று நாத்தனார் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே ரோஸ் நிற நூல்கண்டுகள், ஒரு கொக்கி ஊசி, பஞ்சு, கண்ணுக்கு இரண்டு கறுப்பு மணி, காலுக்குக் கம்பி, கூடவே ஒரு சின்னப் புத்தகம். குரோஷே போட்டுப் பூநாரை பொம்மை செய்கிற கிட். வேதாரண்யத்தில் ஒரு பெண் தன் வீட்டிலேயே தயாரித்து அனுப்புகிறாளாம்.

புத்தகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் வரைந்த படம் இருந்தது. நடுநடுவே, "இந்த இடத்தில் நூல் இறுகும். பயப்படாதீர்கள், அடுத்த சுற்றில் சரியாகிவிடும்" என்பது போல எழுதியிருந்தாள். பேச்சுத்துணை இல்லாத பகல்களில் அந்த வரிகளை நான் வாய்விட்டுப் படித்ததுண்டு.

பொம்மை முடிந்து ஒற்றைக்காலில் நின்ற அன்று, அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் ஒரு கைவேலைக் குழுவில் போட்டேன். அப்படி ஒரு பாராட்டு என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. "எப்படிங்க செஞ்சீங்க? எங்களுக்கும் சொல்லித்தாங்க" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கட்டிலிலேயே புத்தகத்தை விரித்து வைத்து, பன்னிரண்டு பக்கங்களையும் செல்போனில் எடுத்து ஏற்றினேன். அட்டையில் ரசம் கொட்டியிருந்ததால் அதை மட்டும் எடுக்கவில்லை. "எல்லாருக்கும் பயன்படட்டும்" என்று மேலே எழுதினேன். அதைச் செய்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, அந்த கிட் நான் செய்யறது. பக்கங்களை மட்டும் எடுத்துடுங்களேன், ப்ளீஸ்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் எழுதிய பதில் இதுதான்: "காசு குடுத்து வாங்கினதுதானேம்மா. நான் ஒண்ணும் விக்கலையே. நாலு பேர் கத்துக்கிட்டா நல்லதுதானே?"

அவள் அதற்குப் பதில் போடவில்லை. பட்டா நகல் கையில் இருப்பதால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது என்று தினமும் யாருக்காவது எடுத்துச் சொல்கிறவள் நான். வாங்கிய தாள் என்னுடையது, அதில் வரைந்திருப்பது அவளுடையது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அல்லது, அத்தனை பாராட்டையும் கலைக்க மனம் வரவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம், குழுவில் யாரோ ஒரு இணைப்பைப் பகிர்ந்திருந்தார்கள். ஒரு விற்பனைத் தளத்தில் ஏதோ ஒரு கடைக்காரர் பூநாரை செய்முறையை விற்கிறார். திறந்து பார்த்தேன். அதே பக்கங்கள். ஓரத்தில் என் படுக்கை விரிப்பின் நீலப் பூக்கள் தெரிந்தன. என் கட்டை விரல்கூட ஒரு பக்கத்தில் இருந்தது. அவருடைய கடைப் பெயரை மட்டும் எல்லாவற்றின் மேலும் அச்சடித்திருந்தார். அப்போதுதான் ரசக்கறை படிந்த அட்டையை நொண்டிப்போய் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர், ஊர், "உரிமை எனக்கே" என்ற வரி எல்லாம் அந்த அட்டையில் மட்டும்தான் இருந்தன.

முதல் வேலையாக என் பதிவை அழித்தேன்.

"அழிச்சாச்சுல்ல? அத்தோட விடு" என்றார் கணவர்.

"அழியலைங்க. எல்லார் போன்லயும் இருக்கு."

பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் கைதட்டும் எமோஜியை அனுப்பினார்கள். "நீங்கதானே எல்லாருக்கும்னு போட்டீங்க, இப்ப என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். வாட்ஸப்பில் போனவற்றுக்குக் கணக்கே தெரியவில்லை. செல்போனைக் கீழே வைத்தால், அந்த நேரத்தில் இன்னொருவர் பகிர்ந்துவிடுவார் என்று பதறினேன்.

விற்கிறவர் மீது அந்தத் தளத்தில் புகார் கொடுக்கப் போனால், உரிமையுள்ளவர்தான் கொடுக்கவேண்டும் என்று வந்தது. பெட்டியின் மேல் இருந்த எண்ணைப் பார்த்து, கிட் செய்த பெண்ணுக்கே போன் செய்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"நான்தான்மா. அந்தப் பக்கங்களைப் போட்டவ."

"தெரியுதுக்கா. சொல்லுங்க."

"நான் வரேன்மா. உக்காந்து ஃபார்ம் போட்டுக் குடுக்கறேன். அது என் வேலைதான்."

"வாங்க" என்றாள்.

நொண்டிக்கொண்டே தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வேதாரண்யத்துக்கு இன்னொன்று. உப்பளத்தைத் தாண்டி ஒரு ஓட்டு வீடு. முப்பது வயது இருக்கும் அவளுக்கு. கட்டிவைத்த பெட்டிகள் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"பொம்மைக் கடைக்காரங்க ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்கக்கா. நெட்டுல சும்மாவே கெடைக்குதாமே, உங்க கிட் எதுக்குன்றாங்க." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் பறவை ஒத்தக்கால்ல நிக்கணும்ல? எட்டு மாசம் ஆச்சுக்கா எனக்கு. போடுவேன், சாஞ்சிடும். பிரிச்சிட்டு மறுபடி போடுவேன். கம்பிய எந்தச் சுத்துல விடணும்னு கண்டுபிடிச்ச அன்னிக்கு அழுதுட்டேன்."

அந்தக் கம்பி ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. அதை நான் இரண்டு தடவை எடுத்தேன், தெளிவாக விழவில்லை என்று.

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். லேப்டாப்பைத் திறந்து படிவத்தை நிரப்பினோம். உங்களுடைய மூலம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு கேள்வி. அவள் எதையும் இணையத்தில் போட்டதே இல்லை. கையால் வரைந்த தாள்கள் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் கூழாகிப் போயிருந்தன. இணையத்தில் முதலில் போட்டது நான், தேதியோடு; கடைக்காரர் அதிலிருந்துதான் எடுத்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் பதிவையும் பதறி அழித்துவிட்டிருந்தேன். இருந்த அச்சுப் புத்தகத்தையும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நான் கைப்பட எழுதிய கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

பத்து நாளில் தளத்துக்காரர்கள் அந்தக் கடையிலிருந்து பக்கங்களை எடுத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த ஆள், இது தன் சொந்தத் தயாரிப்பு என்று மறுப்பு எழுதிக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போயிருப்பதாகக் காட்டினால் ஒழிய மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. இரண்டு வாரத்தில் பக்கங்கள் திரும்பவும் விற்பனைக்கு வந்துவிட்டன.

மெயிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். "கோர்ட்டா?" என்று போனில் சிரித்தாள். "அக்கா, யாரு போறது? எங்க போறது?"

தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் கேட்டு வைத்திருப்பதாகவும், நானே கூட வருவதாகவும் சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வேணாங்கக்கா. ஒங்க மேல கோவம் இல்ல. ஆனா நீங்க கூப்பிடறப்பல்லாம் அதேதான் ஞாபகம் வருது. இனிமே கூப்பிடாதீங்க."

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. பூநாரை கிட்டை அவள் நிறுத்திவிட்டதாகவும், நாகப்பட்டினத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாகவும் நாத்தனார் விசாரித்து வந்து சொன்னாள். கொக்கு ஒன்று புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்தாளாம். அதைப் பாதியில் வைத்திருக்கிறாளா, பிரித்துவிட்டாளா என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.

இப்போதும் வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் தேடுகிறேன். எங்காவது கண்ணில் பட்டால், இது யாருடையது என்று அவள் பெயரையும் ஊரையும் கீழே எழுதுகிறேன். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சில இடங்களில் என் வரியை அழித்துவிடுகிறார்கள். மறுபடி எழுதுகிறேன்.